கதவில் ஒரு வட்டம்

உப்புத்தாள் ஓட ஓட வெள்ளை போனது. வெள்ளைக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் செங்காவி நிற ப்ரைமர்.

பிறகு தகடு.

அவள் ஊதினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய சட்டையில் தூள் படிந்தது.

பட்டறையில் நின்றது ஒரு பழைய ஃபியட் கார். மேலெல்லாம் சாக்பீஸ் வட்டங்கள். நசுங்கிய இடம், துரு தின்ற இடம் எல்லாவற்றையும் அவள் கணவன் மயில்சாமி தடவிப் பார்த்து வட்டம் போட்டுவிடுவான். வட்டத்துக்குள் தகடு தெரியும்வரை தேய்ப்பது அவள் வேலை. அதன்மேல் அவன் பட்டி வைத்துப் பள்ளத்தை நிரப்புவான்.

பின்கதவின் கீழே இருந்த வட்டத்தில் நசுங்கல் இல்லை. ஆணியால் கீறிய ஓர் ‘அ’. சுழி பெருத்து, கால் எங்கோ போயிருந்தது.

எந்த வீட்டு வாலோ என்று சிரித்துக்கொண்டேதான் அதையும் தேய்த்தாள்.

தின்னரில் நனைத்த துணியால் அவள் தகட்டைத் துடைத்து முடித்தபோது, வண்டியின் சொந்தக்காரர் வந்தார்.

“வட்டம் போட்டதெல்லாம் முடிஞ்சுதுங்க சார்,” என்றான் மயில்சாமி. “கண்ணாடியாட்ட இருக்குது பாருங்க. மூஞ்சி பாத்துத் தலையே சீவிக்கலாம்.”

அவர் பின்கதவின் முன் குந்தினார்.

எழவில்லை.

“இந்த வட்டம் நான் போட்டதுங்க,” என்றார். “இத மட்டும் தொட்டுராதீங்கன்னு.”

மயில்சாமியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

“பாப்பா எழுதுனது. அந்த வாரந்தான் ஸ்கூல்ல சேக்கறதா இருந்தோம். அதுக்குள்ள...”

அவர் யாரையும் திட்டவில்லை.

திட்டியிருக்கலாம்.

அவள் தரையைப் பார்த்தாள். வெள்ளையும் பச்சையும் காவியும் கலந்த தூள். அதில் தேடி என்ன கிடைக்கும்? எழுத்து வெறும் கீறல்.

கீறலுக்குத் தூள் கிடையாது.

அவர் உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தார். விரல்களை நன்றாக விரித்து, அழுத்தி.

துடைத்த தகட்டை யாரும் தொடக் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் பட்டி பிடிக்காது. தொடுகிறவர் யாராக இருந்தாலும் மயில்சாமி கத்திவிடுவான்.

இப்போது அவன் பட்டி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“சரி. ஆக வேண்டியதப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

மயில்சாமி பலகையில் பட்டியை வழித்துப் போட்டு, அதை இறுக வைக்கும் மருந்தைக் கலந்தான். தலை நிமிரவில்லை.

“அம்மிணி, அத இன்னொருக்கா தொடச்சு உடு. பட்டி எறுகீரும்.”

தகட்டில் ஐந்து விரலும் மங்கலாகத் தெரிந்தன.

அவள் கையில் தின்னர் துணி காய்ந்துகொண்டிருந்தது.

பலகையில் பட்டி முதலில் ஓரத்தில் இறுகியது. பிறகு நடுவில்.

மயில்சாமி இரண்டாம் முறை கூப்பிடவில்லை.