மூடுபனியில் ஒரு குரல்

கருவிழி என்ற காக்கை, கப்பலின் கொடிமரக் கூட்டில் முட்டையாகவே கடல் தாண்டி வந்தவள். அந்தக் குளிர்த் துறைமுகத்தில் அவளையும் அம்மாவையும் விட்டால் வேறு காக்கை கிடையாது. எங்கும் வெள்ளைக் கடற்பறவைகள்தான்.

சிறகு முற்றியதும் வேலைப் பேச்சு வந்தது.

"நம்மளக் கொண்டுவந்த கப்பல் நாளைக்குத் திரும்புது. நம்ம ஊருக்கே போயிடு கண்ணு. அங்க கடைத்தெருவைச் சுத்தம் பண்ற நம்ம வேலை காத்திருக்கு" என்றாள் அம்மா.

"கலங்கரை விளக்கத்துல, வழி தவறுற பறவைங்களுக்குக் குரல் கொடுக்க ஆள் வேணுமாம். நீ வாயேன்" என்றது அவளோடு பறந்து வளர்ந்த வெள்ளைப் பறவை.

கருவிழிக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஊரை நினைத்தால், பார்த்தே இராத வெயில் உடம்பில் இதமாக இறங்கியது. இந்தக் கடலைப் பார்த்தாலோ, விட்டுப் போக மனம் வரவில்லை.

விடியும்போது மூடுபனி எல்லாவற்றையும் மறைத்தது. கூப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று கலங்கரை விளக்கத்தின் உச்சியில் அமர்ந்து கரைந்தாள்.

களைத்துப்போன கொக்கு ஒன்று பனிக்குள்ளிருந்து தள்ளாடி வந்தது. "இது எங்க பக்கத்துக் குரலாச்சே! நீ எந்த ஊரும்மா?"

கருவிழி வாயைத் திறந்தாள். இரண்டு ஊர்ப் பெயர்களும் ஒன்றாக வந்து நாக்கில் நின்றன.

"முதல்ல இறங்குங்க. கால் வைக்க இங்க இடம் இருக்கு" என்றாள்.

சற்று நேரத்தில் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியது. அவள் நெஞ்சு கொஞ்ச தூரம் அதன் கூடவே போனது. அதற்குள் பனியில் எங்கோ இன்னொரு சிறகு படபடத்தது. அவள் மறுபடி கரைந்தாள்.