நாரையின் கழுத்து

ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சேதி கொண்டுபோவது மைனாக்களின் வேலை. சேதிக்கு ஒரு அத்திப்பழம் கூலி. மைனாக்களைக் கண்காணிக்க நாரையை வைத்திருந்தார்கள். "யாரும் புகார் சொல்லணும்னு இல்லை, நீயாவே போய் விசாரிக்கலாம்" என்று அதிகாரமும் கொடுத்திருந்தார்கள்.

நாரையோ புகார் வரட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. ஒன்றும் வரவில்லை. "என் காலத்துல ஒரு குறையும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

ஒருநாள் ஒரு முயல் தன் குட்டியோடு ஏரியைச் சுற்றி நடந்தே வந்தது.

"குட்டிக்குக் காய்ச்சல், மருந்துத் தழை கொண்டு வான்னு அக்காவுக்குச் சேதி அனுப்பினேன் ஐயா. போய்ச் சேரவே இல்லை. காய்ச்சல் விட்டுது, ஆனா பிள்ளைக்குக் காது கேட்காமப் போச்சு."

"எனக்கு அப்பவே புகார் அனுப்பியிருக்கலாமே அம்மா?"

"மூணு தடவை அனுப்பினேனே ஐயா."

"யார்கிட்ட?"

"மைனாக்கிட்டதான். வேற யாரு இருக்கா?"

நாரை திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்த மரத்திலேயே மைனாக்கள் கூலிப் பழங்களைத் தின்றபடி சும்மா உட்கார்ந்திருந்தன.

குட்டி முயல் நாரையை அண்ணாந்து பார்த்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கச் சொன்னது: "அம்மா, இவருக்கு எவ்வளவு நீளக் கழுத்து!"

அதை எங்கே ஒளித்துவைப்பது என்று நாரைக்குத் தெரியவில்லை.