தூறலுக்கு எழும்பாத வைப்பர்

சிக்னலில் சிவப்பு எரிகிறது. மழையென்று சொல்லவும் முடியாத பொடித்தூறல், மாவு சலித்த மாதிரி கார்க் கண்ணாடி முழுக்கப் படிந்திருக்கிறது. முன்னால் நிற்கும் பேருந்தின் பின்விளக்குகள் அதில் செக்கச்செவேலென்று கரைந்து வழிகின்றன. மேடைக்கான லில்லிக் கொத்துகளை மடிகொள்ளாமல் அணைத்தபடி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் பூக்கடைக்காரி. கச்சேரி தொடங்குவதற்குள் இவை மேடையேற வேண்டும். அவளுக்கு வாய்த்த முதல் பெரிய வேலை இது. பேட்டரியில் ஓடும் இந்தப் புதுக் கார் அவள் அண்ணியுடையது. ஓட்டுவதும் அண்ணிதான். வழியெல்லாம் வெயிலில் வறட்டு வறட்டென்று கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு வந்த வைப்பர், இப்போது பாருங்களேன், கும்பகர்ணனாகக் கிடக்கிறது.

"கையால போட சுவிட்ச் இல்லையா அண்ணி?"

"எல்லாம் இந்த ஸ்கிரீனுக்குள்ள இருக்காம். தொட்டா பாட்டு வருது, சீட்டு சுடுது. மழை வந்தா நாம சொல்லாமலே புரிஞ்சுக்குமாம். உங்க அண்ணனும் கட்டிக்கிறப்ப அப்படித்தான் சொன்னாரு."

பூக்கடைக்காரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. ஜன்னலை இறக்கி, பூவுக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலோடு வெளியே எக்குகிறாள்.

"இன்னும் மேல அடிடீ. நட்டநடுவுல. அங்கதான் அதுக்கு மழை பாக்குற கண்ணு."

புஸ் புஸ்ஸென்று நாலு தரம். வைப்பர் விதிர்த்து எழுந்து, வாரிய தண்ணீரையெல்லாம் அவள் முகத்திலேயே விசிறுகிறது. பேருந்து பளிச்சென்று தெரிகிறது. பச்சை விழுகிறது.

"ஐயோ, இனி இதை நிறுத்தத் தெரியாதே எனக்கு."

"யாரு நிறுத்தச் சொன்னா? மண்டபம் வரைக்கும் ஆடட்டும் அண்ணி, நீங்க விடுங்க வண்டியை."