ஆயில் பார்த்தாச்சா?

என் ஒர்க்‌ஷாப்புக்கு பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார் பிரிட்டோ சார். சட்டையெல்லாம் வியர்வை.

"மருதை, சீக்கிரம் பாருங்க! பதினோரு மணி சென்னை பிளைட். நான் ஏர்போர்ட்ல இருக்கணும்."

"என் பொண்ணும் அதுலதான் சார் போறா. முதல் தடவை."

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். பொட்டு ஈரமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ஜின் ஜாம் ஆயிடுச்சு. ஆயில் மாத்துங்கன்னு போன மாசமே தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"ஆயில் இல்லாம இரும்போட இரும்பு உரசினா என்ன சார் ஆகும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும், பாடம் எடுக்காதீங்க! ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."

"பதறாதீங்க. இதை விட்டா சாயங்காலம் ஒரு பிளைட் இருக்கு."

"நான் எங்கே போறேன்? நான் கையெழுத்துப் போடாம அது கிளம்பாதுங்க."

"நீங்க பைலட்டா சார்?"

"இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி பிளைட் என்ஜின்ல ஆயில் பார்க்குறவன்."

ஆட்டோவுக்காக எடுத்த போனில் மகளைக் கூப்பிட்டேன்.

"அனு, உள்ளே போயிட்டியாம்மா? வெளியே வந்துடு. பஸ்ல போய்க்கலாம்."