கறுப்புப் பட்டை

மேலாளர் மீதான புகாரில் ஜெபராணியின் பெயர் ஐந்து இடங்களில் இருந்தது. பெயரை மறைத்து மேலாளருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தது விசாரணைக் குழு. பிடிஎஃப் என்றால் அந்த அலுவலகத்தில் தேன்மொழிதான். இணையத்தில் இறக்கிய இலவச மென்பொருளில் ஐந்து இடங்களிலும் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டாள், நகத்துக்குச் சாயம் பூசுகிற மாதிரி, ஓரம் பிசகாமல்.

“எம் பேரு தெரியாதில்லக்கா?” பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெபராணி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“பிரிண்ட் எடுத்து டியூப்லைட்ல பிடிச்சே பாத்துட்டேன்டி. ஒரு எழுத்துகூடத் தெரியல.”

கோப்பை அனுப்பிவிட்டு, பதிவேட்டில் ஏற்றுவதற்காக அதன் முதல் வரியை நகலெடுத்து ஒட்டினாள் தேன்மொழி. ஒட்டிய இடத்தில் பட்டை வரவில்லை. ‘ஜெபராணி ஆகிய நான்’ என்று வந்தது.

மின்னஞ்சலைத் திரும்பப் பெறப் பார்த்தாள். நேரம் கடந்திருந்தது.

கண்ணாடி அறைக்குள் மேலாளர் திரையை நோக்கிக் குனிந்திருந்தார். அவர் கையிலிருந்த மவுஸ் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து நின்றது. இரண்டு விரல்கள் விசைப்பலகையை இருமுறை தட்டின. பிறகு தலையை நிமிர்த்தினார். அவர் பார்வை தேன்மொழியைத் தாண்டி அடுத்த நாற்காலியில் போய் நின்றது.

ஜெபராணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் இரண்டு வாழைப்பூ வடைகளை வைத்து நீட்டினாள்.

“உங்களுக்குன்னே செஞ்சேன்க்கா.”