பேனலுக்கு முன்னால் ஒரு பேனர்

அரசு அலுவலகத்து மொட்டை மாடியில் புதுசாக ஒரு சோலார் பேனல் வந்து உட்கார்ந்தது. மாநிலம் முழுக்க வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு மறுநாள் அங்கேதான் தொடக்க விழா. பேனலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விடிந்து பார்த்தால், தென்னை மர உயரத்துக்கு ஒரு விழா பேனர் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது பேனல்.

"தம்பி, மந்திரியிலிருந்து வட்டச் செயலாளர் வரைக்கும் என் மேல சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. இதுல யாரைத் தள்ளச் சொல்ற?"

விழா தொடங்கியது. மந்திரி பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. கீழே தயாராக நின்ற டீசல் ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் ஆட்கள் வந்து பேனரை அவிழ்த்தார்கள். மேலே வெயில் பட்டதும் பேனலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்ப நான் கிளம்பட்டுமா?" என்று கீழேயிருந்து ஜெனரேட்டர் கேட்டது.

அதற்குள் அதே இடத்தில் இன்னும் பெரிய பேனர் ஒன்று எழும்பியது. விழாவுக்கு வந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி என்று அதில் போட்டிருந்தது.

"இருங்கண்ணே, என்ன அவசரம்" என்றது பேனல்.