சிவப்புத் தலை முளை

சேற்றில் மேயும் கொக்குகூட அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கால் வைக்காது. காரிலிருந்து ஆய்வுக் குழு அப்படி இறங்கியது.

தலைவியம்மா செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.

சதுப்பைக் காப்பாற்ற வந்த நாலு பேரும் கொட்டிய மண்மேட்டை விட்டு இறங்கவில்லை.

சட்டம் சின்னதுதான். சதுப்பின் ஓரத்தில் எல்லைக் குறியாகச் சிவப்புத் தலையோடு ஒரு மர முளை. அதிலிருந்து ஐம்பது அடிக்குள் ஒரு கூடை மண் விழக் கூடாது. விழாவிட்டால் மேட்டில் நாற்பது வீடு கட்டிக்கொள்ளலாம்.

கூலிக்காரி அளவு நாடாவின் வளையத்தைப் பிடித்து நின்றாள். முளை அடிப்பதும் நாடா இழுப்பதும் அவள் வேலை.

அவள் வீடு சதுப்புக்கு அந்தப் பக்கம், பள்ளத் தெருவில். இந்த மேடு நிலைத்தால் மழைத் தண்ணீர் அவள் அடுப்படிக்குத்தான் வரும். போன மழைக்கே கட்டிலுக்கடியில் தவளை குடும்பம் நடத்தியது.

ஆனால் மண் ஏற்கெனவே அந்த ஐம்பது அடிக்குள் இருபது அடி தாண்டி விழுந்திருந்தது. மண்ணை அள்ளுவதைவிட முளையைப் பிடுங்குவது சுலபம் என்று வீடு கட்டும் ஒப்பந்தக்காரருக்குத் தோன்றியது.

பத்து நாள் முன்பு, காரில் இருந்தபடியே சொன்னார். "அந்த முளையப் புடுங்கி நடும்மா."

எங்கே என்று வாயால் சொல்லவில்லை. தாடை தண்ணீர்ப் பக்கம் போனது. இரண்டு விரல் நீண்டது. இருபது அடி. பெரிய மனிதர்கள் வாயை அழுக்காக்கிக்கொள்வதில்லை.

அவள் பிடுங்கினாள். சம்மட்டியால் அடித்து நட்டாள். தலைக்குப் புதுச் சிவப்பு பூசி, காலடியில் ஈர மண்ணை அப்பித் தட்டினாள்.

ஒப்பந்தக்காரர் கார்க் கண்ணாடியை இறக்கினார். புது மண், புது பெயின்ட். திருப்தியாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சம்மட்டியோடு திரும்பியவளை நாத்தனார் வழிமறித்தாள். "ஏன் அண்ணி, தண்ணிய நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? பாயும் விரிச்சு வைங்க."

அன்றோடு பேச்சு நின்றது. இன்று நாத்தனார் அக்கரையில் தெருச் சனத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கூலிக்காரி முழங்கால் சேற்றில் இறங்கி வளையத்தை முளையில் மாட்டினாள்.

மேட்டு விளிம்பில் குழுவின் பொறியாளர் நாடாவைப் பார்த்தார். அளவைச் சத்தமாகச் சொல்வது அவருடைய பதினெட்டு வருஷப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"முப்பது!"

அப்புறம்தான் ஒப்பந்தக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

எழுத்தர் கையில் இருந்த தாளில் ஐம்பது என்று டைப் அடித்து, கையெழுத்தும் ஆகியிருந்தது. தேதி மட்டும்தான் பாக்கி.

"நாடா தொய்ஞ்சிருக்கும்," என்றார் தலைவியம்மா.

கூலிக்காரி பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். நாடா விண்ணென்று நின்றது. பொறியாளர் இந்தத் தடவை மெல்லத்தான் சொன்னார். அக்கரை அவருக்காகக் கத்தியது. "முப்பது!"

ஒப்பந்தக்காரர் ஓடி வந்தார். "மேடம், அந்த முளை..."

"முளைக்கு என்ன?"

ஒப்பந்தக்காரர் கூலிக்காரியை முறைத்தார். முளை இடம் மாறவில்லை என்று சொன்னால், மாற்றச் சொன்னது யார் என்றும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல மேடம். உறுதியா நட்டிருக்கா."

அக்கரையில் அத்தனை கண்கள். தலைவியம்மா ஐம்பதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினார்.

நாளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்தேதான் கூலிக்காரி அக்கரை ஏறிக் கால் கழுவினாள். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க முளையப் புடுங்கினத என் கண்ணால பாத்தேனே அண்ணி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா ஒப்பந்தக்காரர் வரைக்கும் போயிருக்கும்."

"சரி, எங்கதான் நட்டீங்க?"

"எடுத்த குழியிலயேதான். பெயின்ட் மட்டும் புதுசு."